பரீட்சை எனக்குத்தான்

கல்வியின் மையம் குழந்தை என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கல்வராயன் மலைக்கு நான் பாடம் நடத்திப் பழகப் போனபோது, மையம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

கச்சிராயபாளையம் வழியாக ஏறிய பஸ், பயிற்சி மாணவர்கள் எங்கள் நால்வரையும் ஒரே வாத்தியார் உள்ள பள்ளியின் முன்னால் இறக்கிவிட்டது. எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கல்வி மீதான பற்று என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

கேரளாவில் மிளகு பறிக்கும் காலம். குடும்பம் குடும்பமாக மலையிறங்கினார்கள், பிள்ளைகளும் கூடவே. நான் நடத்துகிற லட்சணத்தில்தான் வகுப்பு காலியாகிறது என்று முதலில் வருந்தினேன். அந்த அளவு முக்கியத்துவம்கூட எனக்கு இல்லை.

நான்காம் வகுப்பில் மிஞ்சியது ஒரே ஒரு பெண். எழுத்து எங்கே தென்பட்டாலும் விடமாட்டாள். டீத்தூள் பொட்டலத்தைக்கூட வாய்விட்டுப் படிப்பாள். அவளும் போகப்போகிறாள் என்று தெரிந்ததும், அவள் அம்மாவைப் பார்த்துப் பேசப் போனேன். பயிற்சியில் கற்ற அத்தனை சொற்களையும் இறக்கினேன். அந்த அம்மா பாயைச் சுருட்டியபடியே கேட்டார்.

"கைக்கொழந்தைய யாரு சார் பாத்துக்குவா? நான் ஏணி மேல இருக்கச்சொல்ல, இவதான் கீழ வச்சினு ஒக்காந்திருப்பா."

படிப்பை நிறுத்தினால் வீணாகிவிடும் என்றேன்.

"செரி, ரெண்டு பேரையும் வுட்டுட்டுப் போறேன். நீங்க இருப்பீங்களா?"

எங்கள் பயிற்சி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அன்றைக்கு விரிவுரையாளர் வந்து என் வகுப்பைப் பார்த்து மார்க் போடுவார் என்றேன். அந்த அம்மாவுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"பரீட்சை ஒங்களுக்குத்தான்னு சொல்லுங்க. அது முடியட்டும் சார். அன்னிக்கி சாயங்காலமே போறோம்."

பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைக்கப் போனவன், வெள்ளிக்கிழமை வரைக்கும் இரவல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நன்றி வேறு சொன்னேன்.

பிள்ளைகள் குறைந்தால் சக பயிற்சி மாணவர்களே பிள்ளைகளாக உட்காருவது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை, மீசை வைத்த மூன்று பேர் சம்மணமிட்டு அமர, நடுவில் மடியில் தம்பியோடு அவள். பாடம் பின்னம். அட்டையில் தோசை வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். தத்ரூபமாக இருக்கட்டுமென்று ஒருவன், பாதி தோசையைவிடக் கால் தோசைதான் பெரியது என்றான். அவள் சிரித்தாள். நான் பாடம் நடத்தி ஒரு குழந்தை சிரித்தது அப்போதுதான். அதுவும் என்னால் அல்ல. விரிவுரையாளர், வகுப்பறைக் கட்டுப்பாடு மிக நன்று என்று எழுதினார். கட்டுப்படுத்த யார் இருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் மலையிறங்கிய பஸ்ஸில் அவள் குடும்பமும் இருந்தது. சார் என்பதால் எனக்கு இடம் கிடைத்தது. தம்பியை மட்டும் என் மடியில் உட்காரவைத்துவிட்டு, அவள் கம்பியைப் பிடித்தபடி பஸ்ஸுக்குள் எழுதியிருந்ததையெல்லாம் படித்து முடித்தாள். பிறகு என் ஊரைக் கேட்டாள். தியாகதுருகம் என்றேன்.

"திங்கக்கெழம ஸ்கூலுக்கு யாரு சார் வருவாங்க?"

அந்த ஒரே வாத்தியார் வருவார் என்றேன். பின்னம் நடத்தியபோது இருந்த தெம்புகூடக் குரலில் இல்லை.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அவர்கள் ரயிலுக்காகச் சின்னசேலம் போகும் பஸ்ஸைத் தேடினார்கள். நான் தம்பியைத் திருப்பிக் கொடுத்தேன். வரிசையாக நின்ற பஸ்களின் பலகைகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள்.

"தியாகதுருகம். சார், ஒங்க வண்டி நிக்குது, ஏறுங்க."

ஏறினேன்.