இலையான் இல்லாத பூ

வாப்பா வாங்கியது சட்டிகளைத்தான். செடிகள் கூடவே வந்துவிட்டன. புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டார். மடவளையில் பழைய சாமான் வியாபாரம் செய்த வாப்பா இரும்புக் கட்டில்கள், பீங்கான் கோப்பைகள், சாய்வுக் கதிரைகள் என்று ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். கடைசியாக இறங்கிய பலகைப் பெட்டிக்குள் மண்சட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விநோதம். இலையே இல்லாமல் விரல் பருமனில் நாலு பட்டையாக நிமிர்ந்த தண்டு ஒன்றில். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்த குட்டிக் கற்றாழை இன்னொன்றில். கூழாங்கல்லை நடுவில் பிளந்து மண்ணில் பதித்ததுபோல ஒன்று. அதையும் செடி என்றார்கள். செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சட்டிகளைக் கழுவித் தரும்படி வாப்பா என்னிடம் சொன்னார். நான் கழுவவில்லை.

அப்போது நான் பெரியவளாகி வீட்டோடு இருந்தேன். எங்கள் வீட்டில் குமர்ப்பிள்ளை வாசல் தாண்டுவது கல்யாணத்துக்குப் பிறகுதான். அதுவரை ஓடித் திரிந்த ஒழுங்கை, ஆற்றங்கரை, பெரியம்மா வீடு எல்லாம் ஒரே நாளில் எனக்கு இல்லை என்றாகிவிட்டன. மிஞ்சியது சமையலறைக்குப் பின்னால் பாசி பிடித்த சுவர்களுக்கு நடுவே ஒரு முற்றம். சுவருக்கு அந்தப் பக்கம் கண்டிக்குப் போகும் பஸ் இரைந்துகொண்டு போகும். அதன் நிறம் என்னவென்றுகூட எனக்குத் தெரியாது. பாதுகாப்பாக இருந்தாய், பத்திரமாக இருந்தாய் என்று இன்றைக்கும் பலர் நயமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த நயம் வராது. நான் அடைபட்டிருந்தேன்.

அந்தச் செடிகளுக்கு எங்கள் ஊர் மழை ஆகவில்லை. வறண்ட தேசத்துப் பிறவிகள் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. கல்லுச் செடி பாவமாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றினேன். அது குடித்துக் குடித்து உப்பி, வெடித்து, அழுகிப் போனது. அதற்குப் பிறகு இரக்கத்தைக் குறைத்துக்கொண்டேன். மீதிச் சட்டிகளைக் கூரைப் பீலியில் கொட்டும் தண்ணீர் தெறிக்காத தாழ்வாரத்துக்கு மாற்றி, மண்ணோடு செங்கல் தூளும் அடுப்புக் கரியும் ஆற்றுமணலும் கலந்து வைத்தேன். வெயில் நகர நகரச் சட்டிகளையும் நகர்த்துவேன். உம்மாவுக்குச் சிரிப்பு. "ஆட்டுக்குட்டி மேய்க்கிறாளே இவ" என்பார்.

கமரா நானாவுடையது. என் ஒரே அண்ணன் அவர். கண்டி டவுனில் எங்கோ பழசாக வாங்கிய பெட்டிக் கமராவில் கூட்டாளிமாரைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். வாப்பா கொதித்துப் போனார். ரூஹ் உள்ளதை, அதாவது உயிருள்ள ஜீவனை, உருவமாக்குவது எங்கள் வீட்டில் ஆகாத காரியம். ஊரில் வேறு வீடுகளில் மாப்பிள்ளைப் படம் சுவரில் தொங்கியது. எங்கள் சுவரில் மணிக்கூடு மட்டுமே. நானா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கமராவை மூலையில் போட்டார்.

நான் வாப்பாவிடம் போய், "செடியப் புடிக்க ஏலுமா வாப்பா?" என்று கேட்டேன்.

வாப்பா மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மரஞ்செடிக்கு ரூஹ் இல்ல மகள். அதப் புடிச்சாக் குத்தமில்ல."

அப்படித்தான் கமரா என் கைக்கு வந்தது. கிட்டத்தில் இருப்பதைப் பிடிக்க அதற்கு ஒரு கண்ணாடி மூடி உண்டு என்று நானா கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். பிலிம் சுருளைக் கண்டிக்குக் கொண்டுபோய்க் கழுவி வாங்கி வருவதும் அவர்தான். நான் செய்ததெல்லாம் ஒரே தந்திரம். சட்டியைச் சுற்றி மணலைப் பரப்பி, பின்னால் வாப்பாவின் வெள்ளைச் சாரனைக் கட்டி, சுவர் துளிகூட விழாமல் பிடிப்பது. படத்தில் அந்தச் செடி எல்லையில்லாத ஒரு வெளியில் நிற்கும். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மூச்சு வரும். கமரா இல்லாமற் போனால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஒரு பருவத்தில் அந்த இலையில்லாத் தண்டில் மொட்டு வந்தது. நாளாக நாளாக ஊதிப் பெருத்து, ஒருநாள் காலையில் ஐந்து முனை நட்சத்திரமாக விரிந்தது. கருஞ்சிவப்பு, குறுக்கே மஞ்சள் வரி, ஓரமெல்லாம் மயிர். அப்படி ஒரு அழகை நான் கண்டதில்லை. அப்படி ஒரு நாற்றத்தையும்தான். உம்மா செத்த எலியைத் தேடி அரிசிப் பெட்டியையே புரட்டிவிட்டார். அந்த வாடைக்கு எங்கிருந்தோ இலையான்கள், ஈக்கள்தான், வந்து மொய்த்தன. விரட்டி விரட்டிப் படம் பிடித்தேன். கழுவி வந்த படத்தில், பூவின் நட்டநடுவில், கால்களைத் தேய்த்துக்கொண்டு ஒரு இலையான்.

வாப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இலையானுக்கு ரூஹ் இரிக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்கப் போனார். லெப்பை கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, தலை இல்லாத உருவமென்றால் பாதகமில்லை, இதற்குத் தலை தெளிவாகத் தெரிகிறது என்றாராம். படம் அடுப்புக்குள் போனது. "இனி ஒரு இலையான் விழுந்தா கமரா அலுமாரிக்குள்ள போகும்" என்றார் வாப்பா.

வேறு செடியைப் பிடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று பூத்தது அது ஒன்றுதான், விட மனமில்லை. அடுத்த மொட்டு விரிந்த அன்று உம்மாவை விசிறியோடு நிற்கவைத்தேன். அன்றைக்கு மூடல் வானம். வெளிச்சம் போதாததால் கமராவைக் கல்லின்மேல் வைத்து அதன் கண்ணைச் சற்றுநேரம் திறந்தே வைக்க வேண்டும். உம்மா வாடை தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். பகல் லுஹர் தொழுகை முடித்து வந்த வாப்பா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து விசிறியை எடுத்தார். கடைக்கு வரும் பெரிய மனிதர்களுக்குக்கூட எழுந்து நிற்காதவர் ஒரு நாற்றப் பூவுக்கு விசிறினார்.

"இப்ப விடுங்க வாப்பா, அசைய வாணாம்" என்று கமராவின் கண்ணைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு இலையான் பூவில் இறங்க வந்தது. விசிறினால் பூ ஆடும். வாப்பா சட்டென்று உள்ளங்கையைப் பூவுக்கு மேலே குடைபோல நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் கமராவின் கண்ணை மூடும்வரை அந்தக் கை அசையவில்லை.

படம் வந்தது. இலையான் இல்லை. பூவின் மேலே வாப்பாவின் கை மட்டும் அச்சாக விழுந்திருந்தது. சுண்ணாம்பு தின்ற கட்டைவிரல், இரும்புக் கட்டில் நசுக்கிய நகம், மணிக்கட்டு நரம்பு. வாப்பாவை யாரும் ஒருநாளும் படம் பிடித்ததில்லை. சுவர் விழாத படங்கள் எத்தனையோ எடுத்திருந்தேன். ஒன்றிலாவது ஆள் இருந்ததில்லை. இதில் என் பக்கத்தில் ஒருவர் நின்றார். எனக்காக நின்றார். அந்தப் படத்தை என் சாவுவரை வைத்துக்கொள்ள வேண்டுமென்று நினைத்தேன்.

"கை மட்டுந்தானே வாப்பா. தல இல்லையே. லெப்பை சொன்னபடி பாதகமில்லையே" என்றேன்.

"சட்டத்துக்கு ஏலும் மகள்" என்றார். "எனக்கு ஏலாது. இண்டைக்குக் கை. நாளைக்கு மொகம் வரும்."

உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, விளிம்போடு விளிம்பாக, பூவின் ஒரு முனைகூடக் காயப்படாமல் வெட்டினார். அவ்வளவு பொறுமையாக அவர் எதையும் வெட்டி நான் பார்த்ததில்லை. கையை அடுப்பில் போட்டார். கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு பூவை என்னிடம் நீட்டிக்கொண்டு, ஏதோ நல்லது செய்தவர்போல, நான் வாங்கும்வரை நின்றார்.

வாங்கிக்கொண்டேன். முற்றத்தில் அந்தச் செடி மறுபடி மொட்டு விட்டிருந்தது. எனக்குப் பூ தேவைப்படவில்லை.