சரிகைக் காப்போடு மூளை ஸ்கேனுக்குப் போனோம்: முள்ளிப்பட்டு – வேலூர், 43 கிலோமீட்டர்

இந்தத் தை மாதம் ஒரு வியாழக்கிழமை, என் வீட்டுக்காரருக்கு மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேலூர் போய் வந்தோம். கோயிலுக்குப் போன பயணங்களை மட்டுமே இதுவரை இங்கே எழுதியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். போவதற்கு முன்னால் நான் செல்போனில் தேடாத இடமில்லை, எங்களைப் போன்ற ஒரு வீடு போய் வந்ததைத் தமிழில் எழுதியிருந்தால் எவ்வளவு தைரியமாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயர் சண்முகம், வயது நாற்பத்து இரண்டு. ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில், வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுப்புடவை நெய்கிறார். அவருக்கு சிக்கில் செல் நோய் இருப்பது ஐந்து வருடம் முன்புதான் தெரிந்தது. இரத்தத்தில் உருண்டையாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, சின்னக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து வந்த கை கால் வலியை எல்லாரும் தறிக்குழியில் உட்கார்ந்ததால் வந்தது என்றே சொல்லிவந்தார்கள். மலைப்பக்கத்து ஜனங்களுக்குத்தானே இது வரும் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அப்பா, அம்மா இரண்டு பேர் வழியாகவும் இறங்கினால் யாருக்கும் வரும் என்று டாக்டர் சொன்னார். என் மாமனாரும் மாமியாரும் நெருங்கிய சொந்தம்.

இப்போது ஸ்கேன் எதற்கு? ஒரு புடவையினால்தான். புடவை உடலில் வருகிற சின்னப் பூக்களை புட்டா என்போம்; புட்டா வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் விடுகிற வெற்றிடத்தை இவர், குறுக்கே ஓடுகிற ஊடை இழையை மனதுக்குள் எண்ணித்தான் விடுவார். மற்றவர்கள் அளவுக்குச்சி வைத்துக்கொள்வார்கள். இவர் எடுத்ததே இல்லை. ஐப்பசியில் நெய்த புடவையை, எங்களுக்குப் பட்டு கொடுத்து நெய்து வாங்குகிற மாஸ்டர் வீவர் விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா சண்முகம், புட்டா ஒண்ணு பக்கத்துல பக்கத்துல வருது, ஒண்ணு தூரமா ஓடுது, கோச்சிகினு போவுதா?" என்று சிரித்தார். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அளவுக்குச்சியைத் தேடி எடுத்துத் தறிமேல் வைத்தார். அன்றிலிருந்து நான் அவரைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவருடைய வலி வந்த நாள், காய்ச்சல், எத்தனை செம்பு தண்ணீர் குடித்தார், மாத்திரை தவறிய நாள் எல்லாம் ஒரு நோட்டில் நான் தேதிவாரியாக எழுதுகிறேன். அந்த நோட்டில் புடவை விஷயத்தையும் எழுதி, வேலூரில் இவரைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். இந்த நோய் இருக்கிற பெரியவர்களுக்கு, வாய் கோணாமல், கை கால் விழாமல், வெளியே ஒன்றுமே தெரியாமல் மூளையில் சின்னச் சின்ன அடைப்பு வந்து தழும்பு விழலாம், கவனமும் எண்ணிக்கையும் குறையலாம், ஒரு முறையாவது ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது என்றார். வெளியே தெரியாமல் வரும் என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். அதற்கப்புறம் இவர் உப்பை மறந்தால் பயம், செருப்பை மாற்றிப் போட்டால் பயம்.

இனி பயணம். பஸ்ஸில் போனால் செலவு கம்மிதான். ஆனால் குளிர்காற்றும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இவருக்கு ஆகாது, இரண்டும் வலியை இழுத்துவிடும். பஸ்ஸை நிறுத்தி இறங்க முடியாது என்று தண்ணீரே குடிக்க மாட்டார். அதனால் பாஷா பாயின் வாடகைக் காரைச் சொன்னோம். காத்திருப்பது உட்பட போக வர 2,400 ரூபாய். காலை 5.50-க்குக் கிளம்பினோம். ஸ்வெட்டர், மப்ளர், காலுறை, ஒரு கம்பளி, இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர்.

"இன்னாக்கா, காஷ்மீருக்கா போறோம்?" என்றார் பாய்.

"நீ கண்ணாடியை ஏத்து பாய், ஏசி போடாத."

"ஏசி ரிப்பேராகி ஆறு மாசம் ஆவுது. உங்களுக்காவே வெச்சிகினு இருக்கேன்."

கண்ணமங்கலத்தில் 6.35-க்கு நிறுத்தினோம். அங்கே டீக்கடைக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறது, சுத்தம் சுமார்தான். பனி மூட்டமாக இருந்தது. காரில் ஏறியதும் நான் சாதாரணமாகக் கேட்பதுபோல, "போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு யார் யார் வந்தாங்க?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாந்தி, பரீட்சை வெக்கிறியா?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்."

"நீ நேத்து தயிருக்கு உறை ஊத்த மறந்துட்ட. உன்னயும் சேத்து எடுத்துடலாமா, ரெண்டு பேருக்குன்னா கம்மி பண்ணுவாங்களான்னு கேளு."

பாய் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அவர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

7.15-க்கு வேலூர். ஸ்கேன் மையத்தின் பெயரை எழுதவில்லை, உங்கள் டாக்டர் சொல்கிற இடத்துக்குப் போங்கள். எங்களுக்குக் கொடுத்த நேரம் 8.30, கூப்பிட்டது 9.10. ஊசி மருந்து இல்லாத மூளை ஸ்கேனுக்கு 6,500 ரூபாய் கட்டினோம்.

ஸ்கேன் மெஷின் பெரிய காந்தம். அதனால் உடம்பில் எந்த உலோகமும் இருக்கக் கூடாது. அது எனக்கு முன்பே தெரியும். வெள்ளி அரைஞாணை முதல் நாளே கழற்றி, வெறுங்கயிறு கட்டிவிட்டிருந்தேன். மோதிரம், கடிகாரம், சட்டைப் பையில் இருந்த வேல் எல்லாம் வீட்டிலேயே வைத்தாயிற்று. டெக்னீஷியன் பெண், முப்பது வயது இருக்கும், வந்தவாசிப் பக்கம் என்றாள், ஒரு தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். இருதயத்தில் கருவி உண்டா, எலும்பில் கம்பி வைத்ததுண்டா, பல் கட்டியிருக்கிறதா. எல்லாவற்றுக்கும் நானே இல்லை இல்லை என்றேன். அவருடைய வலது கையைப் பார்த்து, "இது?" என்றாள்.

"சாமி கயிறும்மா. நூல்தான்."

அந்தக் காப்பை நான்தான் திரித்தேன். எங்கள் தெரு மாரியம்மனிடம் வைத்து, இவர் ஞாபகம் தவறக் கூடாது என்று வேண்டிக் கட்டியது; ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கையைவிட்டு இறங்கக் கூடாது. கடைசி நாள் கோயிலில் வைத்துத்தான் அவிழ்க்க வேண்டும். அன்றைக்கு முப்பத்தோராவது நாள். சிவப்புப் பட்டு இழையோடு, தறியில் மிஞ்சிய இழைத் துண்டையும் சேர்த்துத் திரித்து ஒன்பது முடிச்சு போட்டிருந்தேன்.

அவர் உடை மாற்றிக்கொண்டு உள்ளே போய் மேஜைமேல் படுத்துவிட்டார். கம்பளியைப் போர்த்த அனுமதி கேட்டேன், அது வேண்டாம், எங்களுடையதையே தருகிறோம் என்று இரண்டு போர்வை போர்த்தினாள். அறை அவ்வளவு சில்லென்று இருந்தது. காதுக்குப் பஞ்சு வைத்து, தலைக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்றை இறக்கப் போனாள். நான் வாசலிலேயே நிற்கிறேன். அப்போது அவர் போர்வைக்குள் இருந்து கையைத் தூக்கினார்.

"இரும்மா. இதுல சரிகை கீது."

"சரிகைன்னா?"

"அசல் சரிகை. உள்ள பட்டு, அதுமேல வெள்ளிக் கம்பி சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். வெள்ளி உலோகந்தானே?"

அந்தப் பெண் கூண்டை அப்படியே மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, நூல்னு சொன்னீங்களே?"

 நான் பொய் சொல்லவில்லை. இருபது வருடமாக எங்கள் வீட்டில் சரிகை நூல்தான். சின்னக் குழலில் கண்டாகச் சுற்றுகிறோம், ஓடத்தில் வைத்துக் குறுக்கே ஓட்டுகிறோம், அறுந்தால் முடிகிறோம். மோதிரத்தையும் அரைஞாணையும் தேடித் தேடிக் கழற்றிய எனக்கு, கையில் இருந்தது உலோகம் என்று தோன்றவே இல்லை. வெள்ளியைக் காந்தம் இழுக்காது, ஆனால் மெஷின் ஓடும்போது உலோகக் கம்பி சூடேறித் தோலைச் சுட்டுவிடலாம் என்று அவள் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கழட்டிடுங்க."

"முப்பத்தோரு நாள்தாம்மா ஆவுது," என்றேன்.

கத்திரிக்கோலை உள்ளே எடுத்துவர முடியாது. அவரை எழுப்பி வெளியே அழைத்து வந்தார்கள். முடிச்சுகள் தண்ணீர் பட்டுப் பட்டு இறுகியிருந்தன, நகத்துக்கு வரவில்லை. கத்திரியை வாங்கிக்கொண்டு நான் நின்றேன். ஸ்கேனுக்கு நுழைகிற நேரத்தில், கட்டிய கையாலேயே வெட்டுவதா? இதைவிடக் கெட்ட சகுனம் என்ன இருக்கிறது?

அவர் கையை நீட்டியபடி மெதுவாகச் சொன்னார்: "சாந்தி, மறக்கறேன்னு என்னைக் கூட்டியாந்த. மறந்தது நீ. எனக்கு ஞாபகம் வந்துச்சு பாரு, அதுக்குத்தானே கட்டின? ஜல்தி வெட்டு, குளுருது."

வெட்டினேன். வெட்டியதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

9.35-லிருந்து 10.10 வரை ஸ்கேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு மூடியிருந்தும் டக்கு டக்கு என்ற சத்தம் வந்தது. அவர் வெளியே வந்து முதலில் சொன்னது, "உள்ள எவனோ தறி ஓட்டறான். கை சரியில்ல, தாளமே வரல." இரண்டாவது, "தண்ணி குடு."

டாக்டரைப் பார்க்க 1.15 ஆகிவிட்டது. கட்டணம் 500. கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்துக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், பாசிப்பயறு அளவு இருக்கும். பழைய தழும்புகள். எப்போது வந்தவை என்று இந்தப் படம் சொல்லாது, புட்டா தவறியது இவற்றால்தான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். இனிமேல் புதிதாக வராமல் பார்ப்பதுதான் வேலை. இரத்தப் பரிசோதனை பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டுவார், தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுவது பற்றிப் பேசலாம், ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் தனியாக ஒரு பரிசோதனை, ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன்.

"தறி ஓட்டலாமா சார்?" என்று இவர் கேட்டார்.

"ஓட்டுங்க. குச்சி வெச்சிக்குங்க, அதுல ஒண்ணும் வெக்கமில்ல."

இவர் தலையாட்டினார். கார் கண்ணமங்கலம் தாண்டியதும் இவராகவே சொன்னார்: "ஆடிக் கிருத்திகைக்கு உங்க அண்ணன் குடும்பம், தேசூர் சித்தி. மழைன்னு பெரியவங்க வரல. போதுமா?" காலையில் கேட்ட கேள்விக்குப் பிற்பகலில் பதில். 3.40-க்கு வீடு வந்தோம்.

போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். வழி நெடுகத் தண்ணீர் கொடுங்கள், உள்ளே போகும் முன் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள், முப்பத்தைந்து நிமிஷமாவது அசையாமல் படுத்திருக்க வேண்டும். நோயாளிக்குக் குளிர் ஆகாது என்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். மூடிய இடம் பயம் என்றால் அதையும் சொல்லுங்கள், கையில் அமுக்குகிற மணி ஒன்று கொடுப்பார்கள். பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களோடு, நீங்கள் கவனித்ததையும் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள், எங்கள் டாக்டர் அந்த நோட்டைத்தான் அதிகம் பார்த்தார். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கடைசியாக, பட்டு வேலை செய்கிற வீடுகளுக்கு: சரிகை உலோகம். கரை போட்ட வேட்டி, சரிகை வைத்த ரவிக்கை, சாமி கயிறு எதுவும் வேண்டாம். நீங்கள் நூல் என்று நினைப்பதையும் அங்கே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வெட்டிய காப்பை அம்மன் காலடியில் வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் தறியில் உட்கார்ந்து சிவப்புப் பட்டு இழையைத் திரித்துக்கொண்டிருந்தார். சரிகை இல்லை. அளவுக்குச்சி பக்கத்தில் இருந்தது.

"இந்தா, ஒன்பது முடிச்சு. முதல்லருந்து ஆரம்பி," என்று என்னிடம் நீட்டினார்.

விளக்கடியில் வைக்கிற சாக்கில் உள்ளே எடுத்துப் போய், அவருக்குத் தெரியாமல் எண்ணினேன். ஒன்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வாசற்படியில் நிற்கிறார்.

"சரியா கீதா?" என்றார்.

"சரியா இருக்குதுங்க," என்று சொல்லி, அவர் கையிலேயே கட்டினேன்.