மோட்டார் மேல் ஒரு கை

கேடயம் கைமாறப்போகும் நேரம் பார்த்து பெனடிக்ட் இடது கையைத் தூக்கிவிடுவார். அதற்குப் பிறகு மேடையில் யாரும் அசைய முடியாது. கொடுப்பவர் கம்பெனி முதலாளியாக இருந்தாலும் சரி, டெல்லியிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, பாதி கொடுத்தும் பாதி கொடுக்காமலும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "அப்படியேங்க... விட்டுப்போடாதீங்க... சார், நீங்க அவரைப் பார்க்க வேண்டாமுங்க, என்னைப் பாருங்க. கொஞ்சூண்டு சிரிப்பு. ஆச்சுங்க, நெம்ப நன்றிங்க." அவர் கையை இறக்கினால்தான் மேடைக்கு உயிர் திரும்பும். வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னால்கூட யாரும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர் அவர். மேடைக்கு முன்னால் மட்டும் அவர் வைத்ததுதான் சட்டம்.

கோயம்புத்தூரில் கம்பெனிகள் நடத்தும் விழாக்களுக்குப் படம் எடுப்பது அவர் தொழில். டீலர் கூட்டம், புது மாடல் அறிமுகம், ஆண்டு விழா, ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சால்வை போடுவது என்று எதுவானாலும் அவிநாசி ரோட்டு ஓட்டல்களிலும் பீளமேட்டுக் கல்லூரி அரங்குகளிலும் ஒரு கறுப்புச் சட்டை ஓரமாக நகர்ந்துகொண்டிருக்கும். எப்போதும் கறுப்புதான். "கேடயமெல்லாம் பளபளன்னு இருக்குமுங்க. வெள்ளைச் சட்டை போட்டா அதுல நானும் நிப்பேன்" என்பார். சட்டைப் பையில் ஒரு சீப்பு, நாலைந்து ஊக்கு, ஒரு கைக்குட்டை. கைக்குட்டை தனக்கல்ல, மேடையில் வியர்க்கிறவர்களுக்கு. தொப்பை தள்ளிக்கொண்டு நிற்கும் முதலாளிகளிடம் அந்தச் சொல்லை அவர் உச்சரித்ததே கிடையாது. "சார், மூச்சை மட்டும் சித்தெ புடிச்சுக்குங்க" என்பார். அவர்களுக்கும் புரிந்துவிடும்.

கல்யாணத்துக்குப் போகமாட்டார். இளவயதில் போனவர்தான், பிறகு விட்டுவிட்டார். "கல்யாணத்துல அழுவாங்க, சண்டை போடுவாங்க, கோவிச்சுக்கிட்டுப் போவாங்க. அத்தனையும் படத்துல உழுகும். கம்பெனி விசேசத்துல எல்லாரும் ஒண்ணாக் கை தட்டுவாங்க, ஒண்ணா நிறுத்துவாங்க. நிம்மதிங்க." பாதி நிறைந்த அரங்கை முழுக்க நிறைந்ததாகக் காட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூட்டம் பற்றாத ஒரு விழாவில் ஓட்டல் சிப்பந்திகளுக்குக் கோட்டு மாட்டி முன்வரிசையில் உட்கார வைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால் மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். துடியலூர் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில்தான் இடம். முன்னால் உட்கார்ந்தால் யார் தலை யாரை மறைக்கிறது என்றே கவனம் போகிறதாம். பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது எல்லோரும் தலை குனிவார்கள். இவருக்கு ஆள்காட்டி விரல் தானாக மடங்கும்.

எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வதை அவர் 'துடைக்கிறது' என்பார். பாத்திரம் துலக்கிவைத்த வீட்டுப் பெண் பேசுவதுபோல, அலுப்பும் பெருமையும் கலந்து சொல்வார். ஆரம்பத்தில் முகப்பரு, சட்டையில் சிந்திய சட்னி, மேஜைமேல் நிற்கும் தண்ணீர் பாட்டில், இவற்றைத் துடைத்தார். பிறகு ஒரு கம்பெனி, வேலையை விட்டுப்போன மேலாளரைக் குழுப்படத்திலிருந்து எடுக்கச் சொன்னது. எடுத்தார். இன்னொரு கம்பெனியில் போலீஸ் கேசில் மாட்டிய பங்குதாரர். அவரையும் எடுத்தார். முன்பெல்லாம் ஒரு ஆளைத் துடைக்க முழுப்பகல் ஆகும். இப்போது வந்திருக்கும் மென்பொருளில் ஆளைச் சுற்றி ஒரு கோடு போட்டால் போதும், ஆள் இருந்த இடத்தில் திரைச்சீலை தானாக வந்துவிடுகிறது. "பாவம்னு நினைக்கறதுக்குக்கூட நேரம் உடறதில்லீங்க அது" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இந்தக் கையில்தான் ஒரு பம்ப் கம்பெனியின் படமும் வந்து சேர்ந்தது.

வெள்ளியங்கிரியும் தம்பிதுரையும் அண்ணன் தம்பிகள். ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த பட்டறை, தென்னிந்தியா முழுக்கத் தோட்டங்களுக்கு மோட்டார் அனுப்பும் கம்பெனியாக வளர்ந்தது. பெனடிக்டை முதன்முதலில் அங்கே கூட்டி வந்தவர் தம்பிதுரைதான். வெள்ளிவிழாவில் பெனடிக்ட் எடுத்த ஒரு படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் வெகுநாள் தொங்கியது. அண்ணனும் தம்பியும் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, பின்னால் அவர்களுடைய தாயார் வள்ளியாத்தாள் நின்று, ஆளுக்கொரு தோளில் கை வைத்திருப்பார். அப்படி நிற்கச் சொன்னதும் பெனடிக்ட்தான். "அம்மா, கையை சும்மா வெக்காதீங்க, அழுத்தி வையுங்க. உங்க பசங்கதானுங்களே" என்று சொல்லி எடுத்த படம்.

பிறகு சகோதரர்கள் பிரிந்தார்கள். எப்படி, எதனால் என்பதை ஊர் பல விதமாகச் சொல்லும். தம்பிதுரை மதுக்கரைப் பக்கம் தனியாகப் பட்டறை போட்டு அதே மோட்டாரைச் செய்யத் தொடங்கினார். பேச்சுவார்த்தை அறவே இல்லை. வள்ளியாத்தாள் மூத்த மகன் வீட்டில் இருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "கம்பெனி என்ற ரெண்டு பசங்களும் சேர்ந்து ஆரம்பிச்சதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளியங்கிரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "அம்மாவுக்கு இப்பெல்லாம் நெனப்பு சரியில்லீங்க. ஏதாவது சொல்லும், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல அது ஊருக்கும் பழகிவிட்டது. அந்த அம்மாள் ஒருவர்தான் அதை நம்பாமல் இருந்தார்.

போன தை கழிந்து கம்பெனிக்குப் புதிய லோகோ வெளியிட ஏற்பாடாயிற்று. நுழைவுக் கூடத்தில் பழைய படங்களைப் பெரிதாக அச்சிட்டு ஒரு சுவர் முழுக்க ஒட்டுவது என்று விளம்பரப் பிரிவில் இருக்கும் ஷ்ரவ்யா திட்டம் போட்டாள். நடுவில் வெள்ளிவிழாப் படம். வெள்ளியங்கிரி பெனடிக்டைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சின்னவனை எடுத்துருங்க. போட்டிக் கம்பெனிக்காரன் படத்தை நம்ம சுவத்துல மாட்டுவாங்களா?"

"வேற படம் நெறைய இருக்குதுங்களே சார்."

"அம்மா நல்லா உழுந்திருக்கறது அதுலதானுங்க. இந்த வருச விசேசமெல்லாம் நீங்கதான் எடுக்கோணும்னு நான் சொல்லிவெச்சிருக்கிறேன்."

இரண்டாவது வாக்கியத்துக்கும் முதல் வாக்கியத்துக்கும் சம்பந்தம் இல்லாததுபோல அதைச் சொன்னார். பெனடிக்டுக்குச் சம்பந்தம் தெரியும். மற்ற கம்பெனிகளெல்லாம் விழாவை மொத்தமாக ஏஜென்சிகளிடம் விட்டுவிட்டன. அவர்கள் தங்கள் ஆட்களைக் கூட்டி வருகிறார்கள். வருடம் முழுக்க அவரையே அழைக்கும் கம்பெனி என்று மிச்சமிருந்தது இது ஒன்றுதான். இதுவும் போனால், ஐம்பத்திரண்டு வயதில் கல்யாண மண்டபத்தில் யாருக்கோ இரண்டாவது கேமராவாக நிற்க வேண்டியதுதான்.

பகலில், சாப்பாட்டுக்கு முன்பே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். கோடு போட்டதும் தம்பிதுரை போய்விட்டார். காலி நாற்காலி நின்றது. அதை வெள்ளியங்கிரிக்கு அனுப்பினார். "காலிச் சேர் வேண்டாமுங்க, யாரோ செத்துப்போன மாதிரி இருக்குது" என்று பதில் வந்தது. நாற்காலியையும் எடுத்தார். இப்போது வள்ளியாத்தாளின் வலது கை அந்தரத்தில் நின்றது. அழுத்தி வைத்த கை. விரல்கள் எதையோ பற்றியிருந்தன, பற்றுவதற்கு எதுவும் இல்லை. கையைக் கீழே இறக்கிப் பார்த்தார், வேறு யாரோ ஒருத்தியின் கையாகிவிட்டது. மென்பொருளையே புதிதாக வரையச் சொன்னார், அது ஆறு விரல் போட்டுக் கொடுத்தது.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி கரோலின் திரையைப் பார்த்துவிட்டு நின்றாள். "ஏனுங்க, இந்தம்மா யாரைத் தேடறாங்க?"

சோறு ஆறிப்போனது.

கடைசியில் கம்பெனியின் பழைய விளம்பரத்திலிருந்து ஒரு மோட்டாரை வெட்டி எடுத்து, உயரமான பீடத்தில் வைத்து, அந்தக் கையின் கீழே நகர்த்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஷ்ரவ்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா நம்ம மோட்டாரை ஆசீர்வாதம் பண்ற மாதிரியே இருக்குங்க சார்" என்றாள். 'தாயின் கைபட்டுத் தொடங்கிய பயணம்' என்று படத்துக்கு அடியில் எழுதியும் வைத்தாள். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வருடம்தான் ஆகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

விழாவன்று வள்ளியாத்தாளைக் காரிலிருந்து இறக்கி அழைத்து வந்தார்கள். பெனடிக்டைப் பார்த்ததும் நின்றார். "வா கண்ணு. ஜெனிதா நர்சிங் கடேசி வருசப் பரீச்சைன்னியே, எழுதிப்போட்டாளா? கரோலினுக்கு முட்டுவலி தேவலையா?" பெனடிக்ட் இதையெல்லாம் சொன்னது போன ஆயுத பூஜைக்கு. மகள் பெயர், மனைவியின் எந்த வலி, எல்லாம் அப்படியே இருந்தது. இந்த அம்மாளுக்கா மறதி என்று நினைத்தார். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

திரையை விலக்கினார்கள். டீலர்கள் ஒன்றாகக் கை தட்டி ஒன்றாக நிறுத்தினார்கள். வள்ளியாத்தாள் சுவரின் அருகே போய்ப் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் கண்ணு, நான் எப்ப மோட்டார் மேல கை வெச்சேன்?" பெனடிக்டிடம்தான் கேட்டார். "இங்க தம்பிதொரை உட்கார்ந்திருந்தானே."

வெள்ளியங்கிரி சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "அவன் அன்னிக்கு வரலீங்களேம்மா. நீங்க வேற எதையோ நெனச்சுக்கிட்டுப் பேசறீங்க."

"வந்தான். பச்சைக் கோடு போட்ட சட்டை. மேல் பொத்தான் அறுந்துபோச்சுன்னு இந்தக் கண்ணுதான் ஊக்குக் குத்திவிட்டுச்சு."

"சரி, எடுத்தவரே நிக்கறாரே. அவரையே கேட்டுருங்க." வெள்ளியங்கிரியின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. "சொல்லுங்க பெனடிக்ட்."

சுற்றிலும் டீலர்கள் அமைதியானார்கள். பழைய படமுங்கம்மா, எனக்கு ஞாபகமில்லீங்க என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதில் யாருக்கும் மோசமில்லை. ஆனால் பல வருடம் துடைத்துத் துடைத்துப் பழகிய மனிதர், கறை வைத்து முடிக்க அவருக்கு வராது.

"ஆமாங்கம்மா. சின்னவரு அன்னைக்கு வரலீங்க" என்றார். அதோடும் நிறுத்தாமல், "மோட்டாரை நாந்தானுங்க கொண்டாந்து வெச்சேன்" என்றார். பின்னால் சொன்னது உண்மை.

வள்ளியாத்தாள் அவரையே பார்த்தார். கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. அதைத்தான் பெனடிக்டால் தாங்க முடியவில்லை. டீலர்கள் மறுபடி பேச ஆரம்பித்ததும் அந்த அம்மாள் அவரிடம் நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இவன் சொல்றப்பெல்லாம் நான் நம்புல கண்ணு. இன்னைக்கு நீயே சொல்லிப்போட்டே. அப்ப எனக்குத்தான் புத்தி தடுமாறுது போலிருக்குது." பிறகு, "யாருகிட்டயும் சொல்லிப்போடாதே. கரோலின்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார்.

"சொல்லமாட்டேனுங்கம்மா."

"சார், அம்மாவை அந்தப் படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு ஒண்ணு" என்றாள் ஷ்ரவ்யா. வள்ளியாத்தாள் எதிர்ப்பே காட்டாமல் போய் நின்றார். பெனடிக்ட் தரையில் ஒரு முழங்காலை ஊன்றிக் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனார். இடது கை எழவில்லை, வாயில் வழக்கமான சொல் எதுவும் வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலே அந்த அம்மாள் முகத்தைத் தூக்கி, அவரைப் பார்த்து, கொஞ்சூண்டு சிரித்தார்.

கொஞ்ச நேரம் போயிற்று.

"எடுத்தாச்சா கண்ணு?"

"இன்னும் ஒண்ணுங்கம்மா."

அதுவரை ஒன்றுகூட எடுத்திருக்கவில்லை. விரல் பொத்தான்மேல் சும்மா கிடந்தது. வெள்ளியங்கிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஷ்ரவ்யா அடுத்த வரிசை டீலர்களை அழைத்துவந்து நிறுத்தியிருந்தாள். பெனடிக்ட் கேமராவை முகத்திலிருந்து இறக்காமல், "இன்னும் ஒண்ணுங்கம்மா" என்றார் மறுபடியும்.