கூண்டுக்குள் வலம்

சாமி சம்பந்தப்பட்ட விஷயம், யார் மனதாவது புண்படுமோ என்று சில வருடங்களாக இதை எழுதாமலே தள்ளிப்போட்டேன். போன வாரம் கோயிலில் பைரவரை வலம் வரும்போது கால் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு நாய்கள் காப்பகம் இருந்தது. என் கணவர் நெஞ்சுவலியிலிருந்து பிழைத்தால் பைரவரின் வாகனமான நாய்களுக்குத் தொண்டு செய்கிறேன் என்று வேண்டியிருந்தேன். அவர் பிழைத்தார். காலைச் சமையலை முடித்துவிட்டு அங்கே போக ஆரம்பித்தேன்.

அங்கே ராக்கெட்டு என்று ஒரு செவலை நாய். நல்ல இளவயது. ஓட இடமில்லாமல் கூண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, தன் வாலையே கடித்துப் புண்ணாக்கியிருந்தது. கூண்டு கழுவும் குருசுக்குப்பத்து அக்கா சொன்னார்: "இதுக்கு சோறு கொற இல்ல தங்கச்சி. வேல இல்லாம பைத்தியம் புடிக்குது. கடலுக்குப் போவாத நாள்ல எங்க ஊட்டுக்காரரும் இப்பிடித்தான்."

இருவரும் சேர்ந்து அதற்கு வேலை கொடுத்தோம். கயிற்றில் பிடித்துக்கொண்டு காலி மனையைச் சுற்றி நடப்போம். மோப்பம் பிடிக்க நின்றால் இழுக்காமல் நாங்களும் நிற்போம். அவித்த மீன் துண்டுகளைப் பழைய சாக்கின் மடிப்புகளில் ஒளித்துவைத்துத் தேடவிடுவோம். தேடித் தின்றுவிட்டு ஒரு தூக்கம் போடும் பாருங்கள்! வால் புண் ஆறியது. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தது. அதைப் பார்த்த ஒரு குடும்பம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்றது.

இடையில் பைரவருக்கு உகந்த தேய்பிறை அஷ்டமி வந்தது. காப்பகத்துக்கு அரிசி கொடுப்பவர் வடை மாலையோடு வந்தார். ராக்கெட்டு சாக்கைக் கிளறுவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, நீயெல்லாம் வெளக்கேத்துற பொம்பளதானே? பைரவர சாக்குல பொறுக்கித் திங்க வுடுற? கழுத்துல கயிறு வேற!"

"ஐயா, அது வெளயாட்டுங்க. அதுக்குப் புடிச்சிருக்குங்க."

"சாமிக்கு எது புடிக்கும்னு நீ எனக்கு சொல்றியா?"

காப்பகத்தை நடத்துபவர் என்னைத் தனியே அழைத்தார். "அவரு மனசு நோவ வேணாம்மா. இனிமே கயிறும் வேணாம், சாக்கும் வேணாம்." ஞாயிறு வரைக்குமாவது நடக்க விடுங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. கூண்டு பூட்டியே கிடந்தது. தட்டு நிறையச் சோறு மட்டும் போனது.

ஞாயிறன்று அந்தக் குடும்பம் வந்தது. கூண்டைத் திறந்ததும் அடைத்துவைத்த ஓட்டமெல்லாம் ஒரே பாய்ச்சலாக வெளியே வந்தது. கடிக்கவில்லை. சந்தோஷத்தில் அவர்களுடைய சின்னப் பெண் மேல் தாவியது. குழந்தை விழுந்து, முழங்கால் சிராய்த்து அலறினாள். "வேணாங்க, இது நமக்கு ஒத்து வராது" என்று தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே போய் எவ்வளவோ சொன்னேன். ஆட்டோ கிளம்பிவிட்டது.

அடுத்த அஷ்டமிக்கு ராக்கெட்டு மறுபடியும் வால் புண்ணோடு கூண்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அரிசி கொடுப்பவர் கண் கலங்கிக் கைகூப்பினார். "பாருங்க, பைரவரே வலம் வர்றாரு!" கூட வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

கடைசிவரை அந்தக் கூண்டிலேயே இருந்து ராக்கெட்டு செத்துப்போனது.

பைரவரை நான் இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் வலம் வரும்போதெல்லாம் சிமென்ட் தரையில் அந்த நகங்கள் உரசும் சத்தம் காதில் விழுகிறது. இதைப் படித்தவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். கேட்பவர் மனம் தாங்காது என்று, கடைசியில் அதற்கு ஒரு வீடு கிடைத்ததாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.