நரிக்கு வாசித்த காளியப்பன்

காளியப்பனுக்குக் கோபம் லேசில் வராது. வந்துவிட்டால் லேசில் போகவும் போகாது. கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாண பேண்ட் செட்டில் டிரம்பெட்.

அந்த டிரம்பெட்டைக் கேட்டுத்தான் அருண்ராஜ் ஆள் அனுப்பினான். அவன் இசையமைப்பாளன். யானைக்குட்டி ஒன்றை வைத்து எடுத்த கார்ட்டூன் படத்துக்கு ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தான். ஆல்பத்தில் ஐந்து பாப் பாட்டு, அப்புறம் பெரிய ஆர்கெஸ்ட்ரா வைத்த பின்னணி இசை. அதில் நரி வருகிற நான்கு நிமிஷத்துக்கு மட்டும் நிஜ டிரம்பெட் கேட்டான். காளியப்பன் லீவு போட்டுவிட்டுப் போய் எட்டு மணி நேரம் ஊதினார். அருண்ராஜ் வாயால் பாடிக் காட்டியது வெறும் ஒரு நீண்ட சுரம். அதன் முடிவில் குழலின் பிஸ்டன் பொத்தானைப் பாதி அழுத்தி, நரி கெக்கலி கொட்டுகிற மாதிரி ஒரு சிரிப்பை வைத்தவர் காளியப்பன்.

"அண்ணா, அண்ணா! இதுதாண்ணா நரி!" என்று அருண்ராஜ் எழுந்து குதித்தான்.

படம் நன்றாக ஓடியது. பெரியவர்கள் பாப் பாட்டைப் பாடினார்கள். பிள்ளைகளோ தெருவெல்லாம் நரியைப் போலச் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். ஆல்பத்தில் வந்த பெயர்களை மனைவி சாமியாத்தாள் போனில் படித்துக் காட்டினாள். டீ கொண்டுவந்தவர் பெயர் இருந்தது. அருண்ராஜ் வளர்க்கும் பிங்கி என்கிற நாய்க்கு நன்றி இருந்தது. காளியப்பன் இல்லை. மறந்திருப்பான், தொலையட்டும் என்று அவர் விட்டிருப்பார். ஆனால் அந்தப் பாவி பேட்டி கொடுத்தானே!

"அந்த டிரம்பெட்ட மனுஷன் யாரும் வாசிக்கல. நானே கம்ப்யூட்டர்ல உக்காந்து பண்ணேன்."

"அப்ப அன்னிக்கு லீவு போட்டுட்டு எங்க போனீங்க?" சாமியாத்தாள் சும்மாதான் கேட்டாள். காளியப்பன் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். நரிக்கு வாசித்தது நான்தான் என்று டீக்கடையில் முன்பே பெருமையடித்திருந்தாரா, அங்கே அவருக்குக் 'கம்ப்யூட்டர் காளியப்பன்' என்றே பெயராகிவிட்டது. ஒரு வருஷம் அந்தப் பெயரோடு நடமாடினார்.

"நாலு பேரு முன்னால அவன் வாயாலயே சொல்ல வெக்கறேன். இல்லீன்னா இந்தக் குழலத் தொட மாட்டேன்" என்றார் டிரம் அடிக்கிற முனிராஜிடம்.

கேட்டது போலவே வந்தது. அருண்ராஜுக்குக் கல்யாணம். யார் எவர் என்று தெரியாமல் அவன் அப்பாவே மைசூர் அக்ரஹாரம் பகுதியிலிருக்கும் பேண்ட் கடைக்கு வந்து இவர்கள் செட்டைப் பேசினார். பையன் போட்ட பாப் பாட்டைத்தான் வாசலில் வாசிக்க வேண்டும் என்றார்.

"ஜமாய்ச்சிடலாமுங்க" என்றார் காளியப்பன்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை மண்டப வாசலில் ஆரத்திக்கு நிற்கும்போது ஊதுகிற பாட்டைப் பாதியில் நிறுத்தக்கூடாது, அபசகுனம். பாட்டு முடிகிற வரை மாப்பிள்ளை உள்ளே கால் வைக்கவும் கூடாது. எப்போது முடிப்பது என்பது டிரம்பெட்காரர் கையில்.

"வேணாம் குரு, கல்யாண வீடு" என்றான் முனிராஜ்.

"கல்யாண வீடுன்னுதான் போறேன். அங்கிருந்து ஓட முடியாதில்ல!"

சாயங்காலம் மாலையும் தலைப்பாகையுமாக அருண்ராஜ் வாசலில் வந்து நின்றான். காளியப்பன் குழலை உயர்த்தினார். கிளம்பியது நரி.

"நரி டோய்! நரி வந்துருச்சு டோய்!" பிள்ளைகள் பந்தியை விட்டு ஓடிவந்தார்கள். அருண்ராஜ் முகத்தில் ஈயாடவில்லை. அவன் அப்பா நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்; அபசகுனம் நினைவுக்கு வர, இறக்கிக்கொண்டார். நான்கு நிமிஷம் முடிகிற இடத்தில் காளியப்பன் நிறுத்தாமல் திரும்ப முதலுக்குப் போனார். ஆரத்தித் தட்டு ஏந்தியிருந்த அத்தை கை மாற்றிக்கொண்டாள். கூச்சல் கேட்டு மணப்பெண் மீனாவே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இது நீங்க கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னு சொன்னீங்களே? இவரு அச்சா அதையே வாசிக்கறாரு?"

"ஆல்பத்தக் கேட்டுப் பழகிருப்பாரு" என்றான் அருண்ராஜ்.

அடப் பாவி, இன்னுமா! காளியப்பன் மூன்றாவது சுற்று ஆரம்பித்தார். குழல் வாயை நேராக அவன் முகத்துக்குத் திருப்பினார். ஒவ்வொரு சிரிப்புக்கும் பிள்ளைகள் கூடவே சிரித்தார்கள். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இவருதான் வாசிச்சாரு!" கடைசியில் கத்தியேவிட்டான். "படத்துல வர்றது இவரு டிரம்பெட்தான். நான் பொய் சொல்லிட்டேன். போதுமா?"

போதும் என்றுதான் காளியப்பனுக்கும் தோன்றியது. மனசு குளிர்ந்துவிட்டது. பாட்டை மெல்ல இறக்கிக் கடைசிச் சுரத்துக்குக் கொண்டுவந்தார்; முடிக்கிற சிரிப்பு ஒன்றுதான் பாக்கி.

"ஓ! இவரு பேரென்ன?" என்று கேட்டாள் மீனா.

அருண்ராஜ் வாயைத் திறந்தான், மூடினான். முனிராஜின் டிரம்மைப் பார்த்தான். அதில் மகாதேஸ்வரா பேண்ட் செட் என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

"அண்ணா..." என்றான் கெஞ்சுகிற குரலில்.

எட்டு மணி நேரம் எதிரே உட்கார வைத்து ஊதச் சொன்னவன், ஒரு தரம்கூடப் பேரைக் கேட்கவில்லை. அது காளியப்பனுக்கே இப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷத்துக் கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மூச்சை நன்றாக இழுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.