பஃப் அடித்த கத்தி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று அரியமங்கலத்தில் என் பட்டறையில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். இரும்பை கிரைண்டரில் ஒரு தொடு தொட்டால் போதும், பறக்கிற பொறியைப் பார்த்தே அது என்ன சரக்கு என்று சொல்லிவிடுவேன். துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்தவர்களே வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் காலமாகிவிட்டார். காரியம் முடிந்ததும் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பி, காக்கித் துணியில் சுற்றிய கத்தி ஒன்றைத் தரையில் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டோம். நானே எடுத்துக்கொண்டேன். ஒரு சாண் அலகு, முழுக்கத் துரு.

"இது அவரோடது இல்லண்ணே. பட்டாளத்துல கூட இருந்து செத்துப்போனவரோடது. அவங்க வீட்டுல சேர்க்கணும்னு சொல்லிட்டே இருந்தார். பேரு கேட்டா மட்டும் எழுந்து போயிடுவார். இரும்பைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? யாருதுன்னு பாருங்க. ஆள் கிடைக்கலைன்னா நீங்களே வச்சுக்கங்க."

மறுநாள் கிரைண்டரில் தொட்டுப் பார்த்தேன். நல்ல எஃகு. இப்படித் துருவோடு கொண்டுபோனால் எவன் மதிப்பான் என்று, தேய்த்து மெருகேற்றுகிற பஃபிங் மெஷினில் நானே நின்றேன். பிடியை ஒட்டி ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது. துரு தின்ற குழி என்று நினைத்து, அங்கே மட்டும் இன்னும் அழுத்திப் பிடித்தேன். அரை மணியில் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது.

புத்தூரில் பழைய கத்தி, நாணயமெல்லாம் வாங்குகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பட்டாளத்துக் கத்திதான், முத்திரை இருந்திருந்தால் நல்ல விலை போகும், இப்போது காய் நறுக்கத்தான் ஆகும் என்றார். பிறகு பிடிக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"முத்திரை இங்கதாங்க இருக்கும். சில பேர் தன்னோட பட்டாள நம்பரையும் இங்கேயே குத்தி வச்சுப்பாங்க. அது இருந்தா ஆளைத் தேடிடலாம். யாரு இப்படித் தேய்ச்சது?"

முன்பே யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வயதில் என் வேலையை நானே மறைத்தது அன்றுதான்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் போகும்போதே, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அந்த அம்மா கத்தியை எடுத்தார். கட்டைவிரல் நேராக அந்த இடத்துக்குப் போனது.

"இங்கதான் தடவிக்கிட்டே உட்கார்ந்திருப்பார். மேடு பள்ளமா ஏதோ இருக்குமே?"

"நான்தான் அழிச்சுட்டேன், தங்கச்சி."

அவர் திட்டவில்லை. அழவும் இல்லை. அதே காக்கித் துணியில் சுற்றி, தரையில் வைத்து, என் பக்கம் தள்ளினார்.

"அப்ப இனிமே நீங்கதான் வச்சுக்கணும்."

இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. துணியைப் பிரிப்பதில்லை. எந்த ஊரென்று தெரியாத ஒரு வீட்டில், செத்தவன் படத்துக்கு யாரோ மாலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அவன் விட்டுப்போன அந்த நம்பரைக் கடைசியாகத் தொட்டவன் நான். தொட்டேன், படிக்கவில்லை.