பம்பை நின்ற இடத்தில் நான் தட்டிய கை

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவள்ளூரிலிருந்து புதுவாயல் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். என் மனைவி கலாவின் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. நான் போனது பக்தியால் அல்ல, வயிற்றெரிச்சலால். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன் நான். நான் வாசித்தால் கலா செல்போன் பார்ப்பாள். ஆனால் அந்த ஊரில் பம்பை அடிக்கும் ஏகாம்பரத்தைப் பற்றி ஒரு வருடமாகப் பேசுகிறாள். அப்படி என்னதான் அடிக்கிறான், பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பெரியபாளையம் வழியாக பைக்கில் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஆடி ஞாயிறென்றால் பெரியபாளையத்தில் கூட்டம் நெரியும். அரைமணி கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுவாயல் கூட்ரோட்டில் நாஷ்டா, இரண்டு பேருக்கு நூற்றிருபது ரூபாய். வடகறி சுமார்தான்.

பாட்டுக் கேட்கும்போது மூளை சும்மா இருக்காதாம். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டே போகுமாம். அந்த ஊகம் கொஞ்சம் தப்பினால்தான் அதற்குக் குஷி. எங்கேயோ படித்தேன். என் வாசிப்பில் கலாவின் ஊகம் ஒருநாளும் தப்பியதில்லை.

குளக்கரையில் கரகம் ஜோடித்திருந்தார்கள். அதிலிருந்து தானாக ஒரு பூ விழுந்தால் அம்மன் உத்தரவு. அதுவரை கரகத்தைத் தூக்கக் கூடாது. ஏகாம்பரம் அடிக்க ஆரம்பித்தான். கலா வாயைப் பிளந்து நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த அடி எங்கே விழும் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்குக் காட்டவே ஓங்கிக் கைதட்டினேன். பாவி, பூ விழுகிறதா என்று பார்க்க அங்கேதான் சட்டென்று நிறுத்தினான்.

அத்தனை அமைதியில் என் கைதட்டல் மட்டும் கேட்டது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "சாமி வந்துடுச்சுடோய்!" என்று யாரோ கத்த, ஓர் அம்மாள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள்.

"யாரு தாயே வந்துகீற? இன்னா கொற வெச்சோம், சொல்லு!"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். கலாவும்தான். பத்து வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அதற்காகவே ஏதாவது குறி சொல்லிவிடலாமா என்று சபலம் தட்டியது.

"தாயி இல்லம்மா, நான் கலா ஊட்டுக்காரன்" என்றேன். குளக்கரையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பூவும் விழுந்தது.

போக நினைப்பவர்கள் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறி, கவரப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது. பம்பை அடிக்கும்போது தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

திரும்பும்போது கலா பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "இன்னிக்குத்தான்யா, நீ அடுத்து இன்னா பண்ணுவியோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிச்சு" என்றாள். எனக்கு ஜிவ்வென்று இருந்தது. ஈரச் சட்டைகூடக் குளிரவில்லை.

பெரியபாளையத்துக்கு முன்னால் வரும் ஆரணியைத் தாண்டியதும் முதுகில் தட்டினாள்.

"ஏன்யா, ஏகாம்பரம் கரெக்டா அந்த எடத்துல எப்டியா நிறுத்துனான்?"